தலையில் கை

ரப்பரும் முகப்பவுடரும் கலந்த மணம். சுபா அலுமாரிக் கதவைத் திறந்ததும் அது வந்து மூக்கில் மோதியது. ஒரு கணம் நான் ஒன்ராறியோ ஏரிக்கரையில் இல்லை. பருத்தித்துறைச் சைக்கிள் கடையில் குந்தியிருந்து, தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்றுப் போகிற ஓட்டையைக் கண்டுபிடிக்கிற பொறுமை என்னிடம் ஒரு காலத்தில் இருந்தது.

"உதுதான் அண்ணை உங்கட சூட். ஞாயிற்றுக்கிழமை உதைப் போட்டுக்கொண்டு தண்ணியில குதிக்கிறியள்," என்றார் சுபா.

"குதிக்கிறனோ? நான் எழுத வந்தனான்."

"இஞ்ச எல்லாரும் நனையோணும். எழுதிறாக்களும்தான்."

சுபா என் பள்ளித்தோழன் வசந்தனின் மனைவி. கிழமை நாட்களில் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. சனி, ஞாயிறில் சம்பளமில்லாமல் ஒரு சின்ன மீட்புப் படகில் ஏறி, ஏரியில் கவிழ்கிறவர்களைத் தூக்குகிற வேலை. வசந்தன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறான். மல்வேர்னில் இருக்கிற வீட்டில் இருந்து அங்கே போய்வருவதே ஒரு வெளிநாட்டுப் பயணம் என்பான். மனைவி தண்ணீரில், புருஷன் ஹைவேயில். இருவரும் சேர்ந்து சாப்பிடுவதைப் பார்க்க நான் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்ரன் என்று ஒருவர் எங்கள் ஊர்க் கரையில் இருக்கிறார், கடற்றொழிலாளி. சில வருடங்களுக்கு முன் அவருடைய தங்கை புருஷன் யோசேப்பின் படகு கரைக்குக் கிட்ட வந்து கவிழ்ந்தது. ஆளைக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள். குடித்த தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும் என்று அன்ரன் ஒரு காலைப் பிடித்தார், தபால் கந்தோர் வேலையை விட்டு ஓடிவந்த நான் மற்றக் காலைப் பிடித்தேன். தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினோம். சுழற்றச் சொன்னார்கள், சுழற்றினோம். தண்ணீரும் வரவில்லை, யோசேப்பும் வரவில்லை. பிறகு ஒரு டொக்ரர் மெல்லிய குரலில் சொன்னார்: "தண்ணியை விட்டிட்டு மூச்சை ஊதியிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். அது அன்ரனுக்குள் போய் இருந்துகொண்டது.

இப்போது எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு சின்ன ஃபைபர் மீட்புப் படகு கிடைத்திருக்கிறது. நாலு பேர் அதற்கு ஆட்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு முதலுதவிப் புத்தகம் வேண்டும், படகுக்குள் ஒட்ட ஒரு குறிப்பு மட்டையும் வேண்டும். சுபாவின் குழுவின் ஆங்கிலக் கையேடு வந்தது, மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. "எழுதத் தெரிஞ்ச ஆள் வேற ஒருத்தரும் கிடைக்கேல்லை, கவிஞர்," என்றார் அன்ரன். இதைவிட நேர்மையான விமர்சனம் எனக்கு வந்ததில்லை.

முதல் வரைவை அனுப்பியபோது நான் பெருமையோடுதான் இருந்தேன். உடம்பு குளிர்ந்து போகிற அத்தியாயத்தை இப்படித் தொடங்கியிருந்தேன்: 'குளிர் எலும்பின் கதவைத் தட்டுகிறது. உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைகின்றன.' மறுநாள் அன்ரன் ஃபோன் எடுத்தார்.

"நல்லாக் கிடக்கு. ஆனா எப்ப போர்வையைப் போத்திறது எண்டு அதுக்குள்ள இல்லை."

ஆகவே வந்தேன். கண்ணால் பார்த்துத் திருத்துவது என்று திட்டம். ஐம்பத்தொரு வயதில், நீந்தத் தெரியாமல், நீரில் விழுந்தவர்களைப் பற்றி எழுதுகிற ஒருவன் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் படகுக் கொட்டிலில் வகுப்பு. பின்னால் ஸ்காபரோவின் வெளிறிய களிமண் மலைமுகம் செங்குத்தாக நின்றது, யாரோ பேக்கரிப் பாணைப் பாதியில் பிய்த்து வைத்த மாதிரி. வகுப்பு நடத்தியவர் படகோட்டி பிரெண்டா. முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவராம். ஐந்தடி உயரம், ஐம்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் இருக்கவைத்த குரல்.

"சின்னப் படகில் இடம் கிடையாது," என்றார். "முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் உனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் வீண்."

பிறகு ஜோர்ஜ் என்கிற ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தினார். மூழ்கியவனுக்கு மூச்சு இல்லையென்றால் முதலில் ஊது, பிறகு நெஞ்சை அழுத்து, திரும்ப ஊது. தண்ணீரை வெளியே எடுக்கிறேன் என்று தலைகீழாகத் தூக்காதே. நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா எழுதவில்லை. சுபா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் தேநீர்க் கோப்பையை என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

குளிர்ந்தவனை நிமிர்த்தி நிற்கவைக்காதே, படுத்தபடியே தூக்கு. கை காலைத் தேய்க்காதே. சாராயம் கொடுக்காதே. நடுங்குகிறானா, நல்லது, உடம்பு இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்றுவிட்டதா, நீ பயப்படத் தொடங்கு. இதை நான் இரண்டு தரம் அடிக்கோடிட்டேன். எங்கள் ஆட்கள் நடுக்கம் நின்றால் 'அப்பாடா' என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் சனத்தின் பிழையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெருமையில் இரண்டு டோனட் சாப்பிட்டேன்.

"கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது," என்றார் பிரெண்டா. "சத்தம் போடாதவனிடம் முதலில் போ."

கடைசியாகச் சைகைகள். ஒரு கையை அங்குமிங்கும் ஆட்டினால் உதவி வேண்டும். கையைத் தலைமேல் வைத்தால் நான் நலம். இந்தப் பக்கத்தை நான் ஊரிலேயே முடித்திருந்தேன். படகில் ஒட்டுகிற மட்டையின் முதல் வரியே அதுதான்: 'தலையில் கை: நலம்.' இரண்டே சொல், பிறகு நலம். ஹைக்கூ மாதிரி. பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு ஜன்னலால் ஏரியைப் பார்த்தேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குக் கொட்டிலுக்கு றோல்ஸ் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று சுபா சொல்ல, பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்று வீரம் பேசினேன். போனது சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது இறங்கவேண்டிய இடம் ஜன்னலுக்கு வெளியே வந்து, மெல்ல நழுவிப் போகத் தொடங்கியது. ஐம்பது மட்டன் றோல்ஸை மடியில் வைத்துக்கொண்டு எழும்பி, எங்கள் ஊர் மினிபஸ்ஸில் கத்துகிற மாதிரியே கத்தினேன்: "இறக்கம்!"

சாரதி திரும்பவில்லை. ஆனால் பின் சீற்றில் மூன்று பேர் ஒரேயடியாகச் சிரித்தார்கள். அவர்களில், வேலைக்குப் போகிற உடுப்பில் இருந்த ஒரு பெண் கையை நீட்டி ஜன்னலோரத்து மஞ்சள் கயிற்றை இழுத்தார். 'டிங்' என்றது.

"அங்கிள், உதை இழுக்கோணும். கத்தினா நிக்காது."

"தாங்ஸ் பிள்ளை."

"என்ன றோல்ஸ், மட்டனோ?"

ஒன்று கொடுத்தேன். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். ஒரு ஸ்ரொப் கழிந்துதான் இறங்கினேன். நாற்பத்தேழோடு நடந்தேன்.

அன்று பின்னேரம் அன்ரனின் குரல்பதிவு வந்திருந்தது. பின்னால் கடலும் ஒரு நாயும் கேட்டன. "கவிஞர், புத்தகமும் மட்டையும் திங்கள் காலமை அச்சுக்குப் போகுது. நான் கடலில நிப்பன், என்ர மனிசி கொண்டுபோய்க் குடுப்பா. போட் அடுத்த கிழமை தண்ணியில இறங்குது. ஏதும் மாத்திறதெண்டா இப்ப சொல்லுங்கோ." நான் நடுக்கத்தைப் பற்றிய திருத்தத்தை அனுப்பி, 'மற்றதெல்லாம் சரி' என்று எழுதி, கடைசியில் ஒரு பூப்படமும் போட்டேன்.

ஞாயிறு. வெயில் கொளுத்தியது. கரையில் குடும்பங்கள் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தன. ஏரியோ இன்னும் மாசி மாதப் பனியை விட்டு வெளியே வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். விரல் எனக்குச் சொந்தமில்லாததாகிப் போனது.

தண்ணீர் புகாத அந்த உடுப்புக்குள் போவது பிறப்பைப் பின்பக்கமாகச் செய்வது போன்றது. கழுத்து ரப்பருக்குள் தலை போகவில்லை. பவுடர் கொட்டினார்கள். சுபா மேலே இழுக்க, பிரெண்டா கீழே இழுக்க, என் காதுகள் இரண்டும் சரணடைந்து உள்ளே போயின. வெள்ளை முகத்தோடு வெளியே வந்தபோதுதான் காலையில் குடித்த மூன்று கப் பிளேன்ரீ ஞாபகம் வந்தது.

"இனி ஏலாது அண்ணை. உதுக்கு முன்னால ஸிப் இல்லை," என்றார் சுபா. பிறகு சொன்னார்: "இறங்க முதல் நல்லாக் குந்தி, கழுத்தை இழுத்து, உள்ளுக்க இருக்கிற காத்தை வெளியில விடுங்கோ. மறந்திடாதேங்கோ."

நான் குந்தினேன். அரைகுறையாக. முழுவதும் குந்தினால் அந்த மூன்று கப்பும் என்ன செய்யும் என்ற பயம்.

திட்டம் எளிது. ஜோர்ஜும் நானும் தண்ணீரில் கிடப்போம். ஜோர்ஜுக்கு மூச்சில்லை, எனக்கு ஒன்றுமில்லை. படகு வந்து யாரை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும். பிரெண்டா ஓட்டுவார், படகின் முன்பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது சுபா.

விழுந்தேன். வெளியே விடாத காற்று முழுவதும் என் காலுக்கு ஓடியது. இரண்டு கால்களும் பலூன் மாதிரி மேலே எழும்பின. தலை பின்னால் சரிந்தது. காதில் தண்ணீர், கண்ணில் வானம், வானத்துக்கு நடுவில் என் இரண்டு பாதங்கள். லைஃப் ஜாக்கெற் என்னை மூழ்கவிடாது என்று புத்திக்குத் தெரியும். நான் மொழிபெயர்த்த வரிதான் அது. புத்தி அப்போது கரையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. படகின் இரைச்சல் கேட்டது. சுபாவின் முகம் தெரிந்தது. நான் இரண்டு கைகளையும் தலையில் வைத்து, "ஐயோ, அம்மா!" என்று என் சீவனையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

சுபா என்னை நேரே பார்த்தார். பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பிரெண்டாவிடம் திரும்பி ஏதோ சொன்னார். படகு என்னைக் கடந்து ஜோர்ஜிடம் போனது.

என் வாழ்க்கையில் பலர் என்னைக் கடந்து போயிருக்கிறார்கள். பிரசுரகர்த்தர்கள், பரிசுக் குழுக்கள். ஒருவரும் பெருவிரல் காட்டிவிட்டுப் போகவில்லை.

அவர்கள் ஜோர்ஜைத் தூக்கினார்கள், ஊதினார்கள், அழுத்தினார்கள். அந்த ரப்பர் பொம்மை மீது எனக்கு உண்டான பொறாமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் தலையில் வைத்த கைகளை எடுக்கவேயில்லை. அவர்களும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துத் திருப்தியோடு வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் என்னைப் படுத்தபடியே உருட்டி உள்ளே எடுத்தபோது என் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை இது, உண்மையா நடுங்கிறியள்? ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிடேல்லையோ? தலையில கையை வைச்சு ஐயோ எண்டு கத்தினனான்!"

"இஞ்சின் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் தலையில கையை வைச்சபடியால்தான் நான்..."

அவர் நிறுத்தினார். அவருடைய கை தானாக எழும்பித் தலைக்குப் போனது, பாதியில் நின்றது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

என்ன நடந்தது என்று பிரெண்டா கேட்டார். சுபா ஆங்கிலத்தில் விளக்கினார்: எங்கள் ஆட்கள் குடி முழுகிப்போனால்தான் தலையில் கை வைப்பார்கள். செத்த வீட்டில், வீடு எரிந்தால், படகு போனால். பிரெண்டா இஞ்சினை நிறுத்தினார்.

"அப்படியானால் நலமாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

நான் யோசித்தேன். "நலமாக இருந்தால் நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம்."

பிரெண்டா சிரித்தார். சுபா சிரிக்கவில்லை. "பத்து வருசமா உந்தப் போட்டில நிக்கிறன்," என்றார் தமிழில், என்னிடம் இல்லை, தண்ணீரிடம். "வீட்டு வாசல்ல நிண்டு பாத்திருந்தா ஓடி வந்திருப்பன். போட்டில நிண்டபடியால் போட்டுக்காரியாப் பாத்தன்."

எனக்கு அப்போதுதான் உண்மையான குளிர் பிடித்தது. யோசேப்பைக் கொண்டுவந்த அன்று கரையில் நின்றவர்கள் எல்லாரும் எப்படி நின்றார்கள்? நான் கண்ணை மூடாமலே பார்த்தேன். பெண்கள், ஆண்கள், வலைக்காரர், ஐஸ் வியாபாரி. ஒவ்வொருவருடைய கையும் தலையில். என் மட்டையைப் படித்த ஒருவன் அன்று கடலில் இருந்து பார்த்திருந்தால், அவனுக்குக் கரை முழுவதும் நலமாகத் தெரிந்திருக்கும்.

'மற்றதெல்லாம் சரி' என்று எழுதி, பூவும் போட்டிருக்கிறேன்.

என் ஃபோன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. சுபா காரை ஓட்ட, நான் மனப்பாடமாகத் தெரிந்த அன்ரனின் நம்பரை அவருடைய ஃபோனில் அழைத்தேன். இங்கே மாலை வெயில் கண்ணாடியில் அடிக்கிறது, அங்கே விடியப்போகிறது, அன்ரன் தொழிலுக்கு வெளிக்கிடுகிற நேரம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் இல்லை. அவர் கடலில் இறங்கிவிட்டால் மத்தியானம்தான் வருவார். அதற்குள் அவருடைய மனிசி அச்சகத்துக்குப் போய்விடுவார். மனிசியின் நம்பர் என்னிடம் இல்லை. சுபா வேகத்தைக் கூட்டினார். மஞ்சள் விளக்கில் போகிற பழக்கமில்லாதவர், ஒன்றில் போனார்.

வீட்டு வாசலில் ஐந்தாவது தடவை எடுத்தார்.

"லொத்தர் எண்டா எனக்கு வேண்டாம்!"

"அன்ரன், நான். வைச்சிடாதையும்!"

"கவிஞரோ! தெரியாத வெளிநாட்டு நம்பர். இப்பிடித்தான் ஒருத்தன் காசு விழுந்திருக்கு எண்டு... கெதியாச் சொல்லுங்கோ, ஒரு கால் தண்ணியில நிக்குது."

சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவர்களிடம் கத்திக் கேட்டது காதில் விழுந்தது: "டேய், தண்ணியில கிடக்கிறவன் தலையில கை வைச்சா என்னடா?"

"வலை அறுந்து போச்சுது எண்டு!"

"மனிசிக்கு விசயம் தெரிஞ்சிட்டுது எண்டு!"

சிரிப்பு எழும்பி அடங்கியது. அன்ரன் சிரிக்கவில்லை. "கவிஞர். யோசேப்பின்ர போட் கவிழேக்க நான் கரையில நிண்டனான். முதல் என்ன செய்தனான் தெரியுமே?"

"தெரியும்."

"தலையில கை வைச்சனான். பேந்துதான் ஓடினனான்." கடல் ஒரு தரம் வந்துபோனது. "சரி, அச்சு நிக்கட்டும். இப்ப மனிசிக்குச் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடுவன். நலத்துக்கு என்ன எழுதிறது?"

வேலை முடிந்து வந்த வசந்தன் சப்பாத்தைக் கழற்றாமலே கூட்டத்தில் சேர்ந்தான். பெருவிரல் என்றான். அதைக் காட்டினால் 'உனக்கு ஒண்டுமில்லை' என்று பழிப்புக் காட்டுகிற மாதிரி இருக்கும் என்றார் அன்ரன். தலையை ஆட்டினால் என்றேன். "எங்கட தலையாட்டல் ஓமோ இல்லையோ எண்டு எங்களுக்கே தெரியாது மச்சான்," என்றான் வசந்தன். 'சுகமோ' என்று கேட்டால் என்றேன். சுபா ஃபோனுக்குக் கிட்ட வந்தார்.

"அன்ரன் அண்ணை, என்ர ஆஸ்பத்திரி வாட்டில எங்கட சனம் இருக்குது. நெஞ்சு நோவோட வந்தவரை எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டா, 'ஓம் ஓம் பிள்ளை, பறவாயில்லை, நீங்கள் சாப்பிட்டியளோ' எண்டுவார். ஓம் எண்டதை நம்பி விட்டிட்டுப் போகேலாது."

கடைசியில் நலத்துக்குச் சைகையே வைக்கவில்லை. மட்டையில் மூன்று வரிகள் எழுதினோம். சத்தமில்லாதவனிடம் முதலில் போ. தலையில் கை வைத்தவனிடம் அடுத்ததாகப் போ. நலம் என்று சொன்னவனிடமும் கிட்டப் போய்ப் பார்.

"உந்த மூண்டு வரிக்குத்தான் உங்களை அனுப்பினது எண்டு வைச்சுக்கொள்ளுவம்," என்றார் அன்ரன்.

"மற்ற வரியள்?"

"மற்ற வரியளில இன்னும் குளிர் கதவைத் தட்டுது. வந்து கழற்றுங்கோ." வைத்துவிட்டார்.

பிரெண்டா திங்களன்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தங்கள் கையேட்டின் அந்தப் பக்கத்தில் பேனாவால் ஒரு குறிப்பு எழுதிப் படம் எடுத்திருந்தார்: 'எல்லாருக்கும் இல்லை. கேள். கிட்டப் போ.' கீழே, ஐம்பது றோல்ஸ் என்று சொன்னார்களே, எண்ணினால் நாற்பத்தேழு என்றும் இருந்தது.

புதன்கிழமை விமான நிலையம். வசந்தனும் கூட வந்தான்; சுபா ஆஸ்பத்திரி உடுப்போடு வந்திருந்தார், இறக்கிவிட்டு அப்படியே வேலைக்கு. கொட்டிலில் இருந்து ஒரு பழைய மூச்சு ஊதுகிற முகமூடியை, பழக வைத்திருந்ததை, அன்ரனுக்கு என்று பையில் வைத்துத் தந்தார். உள்ளே போகிற வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. பாதுகாப்புக்காரர் அந்த முகமூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். வரிசைக்கு அந்தப் பக்கம், தூரத்தில், வசந்தனும் சுபாவும் எட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஒரு வழியாகச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். எல்லாம் சரி, போய் வேலையைப் பாருங்கோ என்று அவர்களுக்குச் சொல்ல நினைத்து, திரும்பி, கையைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

தடுப்புக் கயிறு வரைக்கும் சுபா ஓடிவந்துவிட்டார். அந்த மண்டபம் முழுவதும் கேட்கக் கத்தினார்:

"அண்ணை, உது எந்தப் பாஷையில?"